தளபதி யுலிஸஸ் கிராண்ட் (1822–1885)
மவுன்ட் மெக்ரெகர் குடில், நியூயார்க் மாநிலம்

இந்த வீட்டில் கிராண்ட், இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, சாய்ந்தபடியே உறங்கினார். தொண்டைப் புற்றுநோயால் அவரால் படுக்க முடியவில்லை. குரலும் போய்விட, சொல்ல வேண்டியதைத் துண்டுக் காகிதங்களில் எழுதிக் காட்டினார்.

ஓஹியோவில் தோல் பதனிடுபவருக்கு மகனாகப் பிறந்தவர். 1843-ல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தேறி, மெக்சிகோப் போரில் பணியாற்றி, 1854-ல் ராணுவத்தை விட்டு விலகினார். விவசாயம் கைகொடுக்கவில்லை. 1861-ல் அமெரிக்காவின் வடக்குக்கும் தெற்குக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டபோது தந்தையின் தோல் கடையில் வேலை பார்த்துவந்தார். மூன்றே ஆண்டுகளில், 1864 மார்ச்சில், வடக்கின் படைகள் அனைத்துக்கும் தலைமைத் தளபதி!

விக்ஸ்பர்க் முற்றுகை (1863) அவருடைய திறமைக்குச் சான்று. கோல்ட் ஹார்பரில் (1864) நடத்திய கடைசித் தாக்குதலோ அவருடைய வீரர்களில் ஆயிரக்கணக்கானோரை வீழ்த்தியது; அதற்காக வருந்துவதாக அவரே பின்னர் எழுதினார். ஆனால் அவருடைய பெருமை முழுதும் தெரிவது 1865 ஏப்ரல் 9 அன்று, அப்போமாட்டாக்ஸில்தான். சரணடைந்த தெற்கின் தளபதி லீயின் வீரர்களைச் சிறைப்பிடிக்காமல் வீட்டுக்கு அனுப்பினார். சொந்தக் குதிரை வைத்திருந்தவர்கள் அதை உழவுக்குக் கொண்டுபோகலாம் என்றார். பசித்திருந்த அந்தப் படைக்கு உணவும் கொடுத்தார்.

1869 முதல் 1877 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவர். கறுப்பின மக்களைக் கொன்று மிரட்டிய கூ கிளக்ஸ் கிளானுக்கு எதிராக ராணுவத்தையே அனுப்பினார்.

1884-ல் தொழில் கூட்டாளியின் மோசடியால் கையிருப்பு முழுவதும் போனது. மனைவி ஜூலியாவை வறுமையில் விட மனமின்றித் தன் நினைவுக் குறிப்புகளை எழுதத் தொடங்கினார். இந்தக் குடிலில் அவற்றை முடித்த சில நாள்களில், 1885 ஜூலை 23 அன்று காலமானார். எழுத்தாளர் மார்க் ட்வைனின் பதிப்பகம் நூலை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. ஜூலியாவுக்கு 4 லட்சம் டாலருக்கும் அதிகமாகக் கிடைத்தது.