கையால் செய்த டார்ச் லைட் ஏன் அணைந்தது?

மழைக்காலம் வந்துவிட்டால் நம் நெருள்வாசிகளுக்கு டார்ச் லைட்டின் அருமை புரியும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதும், மும்பையின் பல பகுதிகள் இரவெல்லாம் இருளில் கிடந்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

எங்கள் வீட்டுக் கதை அவ்வளவு பெரிதல்ல. பள்ளிப் பிராஜெக்டுக்காக என் மகன் ஒரே பென்சில் செல்லில் எரியும் எல்.இ.டி. டார்ச் ஒன்று செய்தான். மேஜை மேல் ஜோராக எரிந்தது. ஒரு மழை இரவில் கரண்ட் போய் லிஃப்டும் நின்றுவிட, என் தகப்பனார் அதை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் விளக்கு அணைந்துவிட்டது. எழுபத்தெட்டு வயதுக்காரர், நாங்கள் வரும்வரை சுவரைப் பிடித்தபடி நின்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பையனின் முகம்தான் வாடிவிட்டது. மறுநாள் மல்டிமீட்டரும் கையுமாக இருவரும் உட்கார்ந்தோம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். (மின்னணுவியல் படித்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) குண்டு பல்பு செல்லின் வோல்டேஜ் குறையக் குறைய மங்கிக்கொண்டே வரும். எல்.இ.டி. அப்படியல்ல. வெள்ளை எல்.இ.டி.க்குச் சுமார் 3 வோல்ட் வரும்வரை ஏறக்குறைய ஒன்றுமே நடக்காது. அதைத் தாண்டினால் கரண்ட் மடமடவென்று ஏறும். ஆகவே அதற்குக் கொடுக்க வேண்டியது அளவான கரண்ட். சிறிய 5 மில்லிமீட்டர் எல்.இ.டி.க்கு 20 மில்லி ஆம்பியர் போதும். அந்த அளவைக் காப்பதுதான் 'டிரைவர்' எனப்படும் சர்க்யூட்டின் வேலை. மூன்று செல்லும் ஒரு 68 ஓம் ரெசிஸ்டரும் போட்டால் அதுவே ஓர் ஏழை டிரைவர். புது செல்லில், 4.5 வோல்ட்டில், 20 மில்லி ஆம்பியர் ஓடும். செல்கள் தேய்ந்து 3.6 வோல்ட்டுக்கு வந்தால் 6 மில்லி ஆம்பியர்தான்.

ஒற்றைச் செல்லின் 1.5 வோல்ட்டில் வெள்ளை எல்.இ.டி. நேராக எரியவே எரியாது. அதற்கு வழி சொன்னது 1999 நவம்பரில் எவரிடே பிராக்டிகல் எலக்ட்ரானிக்ஸ் என்ற ஆங்கிலப் பத்திரிகையில் வந்த ஒரு சிறு சர்க்யூட். பின்னாளில் அதற்கு 'ஜூல் தீஃப்', அதாவது சக்தித் திருடன், என்று செல்லப்பெயர் வந்தது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஃபெரைட் வளையத்தில் இருபது இருபது சுற்றாக இரண்டு சுருள், அவ்வளவுதான். டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறை மூடும்போதும் சுருள் உதைத்துத் தரும் வோல்டேஜ் எல்.இ.டி.யை எரிய வைக்கிறது. கடிகாரத்துக்கு ஆகாது என்று நாம் எறியும் செல்லில்கூட இது எரியும்.

சாமான்களுக்கு நாங்கள் லாமிங்டன் ரோடு போனோம். ஹார்பர் வண்டியில் குர்லா, அங்கிருந்து தாதர், பிறகு வெஸ்டர்ன் லைனில் கிராண்ட் ரோடு. ஃபெரைட் வளையம் மட்டும் பழுதான சி.எஃப்.எல். பல்பின் போர்டிலிருந்து கிடைத்தது. அந்தப் பல்பின் கண்ணாடிக் குழாயில் பாதரசம் இருப்பதால் அதை உடைக்காமல் அடிப்பாகத்தை மட்டும் பிரிக்க வேண்டும். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை.

இனி சோதனை. பலர் செய்வது போல எல்.இ.டி. எரிகிறதா என்று மட்டும் பார்ப்பதில் பயனில்லை. செல்லிலிருந்து எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்த்தால் பாதி ரகசியம் வெளிப்பட்டுவிடும். செல்லுக்கும் போர்டுக்கும் நடுவே 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, அதன் இரு முனைகளில் மில்லிவோல்ட் அளந்தால், எத்தனை மில்லிவோல்ட்டோ அத்தனை மில்லி ஆம்பியர். ஒழுங்காக ஓடும் சர்க்யூட் சுமார் 70, 80 காட்டும். ஏறக்குறைய பூஜ்யம் என்றால் எங்கோ இணைப்பு இல்லை. சுருள் கம்பியின் எனாமலைச் சுரண்டாமல் சால்டர் செய்திருப்பது இதற்குப் பெரும்பாலும் காரணம். டிரான்சிஸ்டரின் கால்களை மாற்றிப் போட்டிருந்தாலும் சர்க்யூட் ஓடாது. தட்டைப் பக்கத்தை நம்மைப் பார்க்கப் பிடித்தால் பிசி 547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என் 3904-க்கு நேர்மாறு. கடைக்காரர் 'இதற்கு அது போடலாம்' என்பார். போடலாம்தான், திருப்பிப் போட வேண்டும்.

நூறு, நூற்றைம்பது மில்லி ஆம்பியர் போகிறது, ஆனால் வெளிச்சமே இல்லை என்றால்? இரண்டு சுருளில் ஒன்று எதிர்த்திசையில் இணைந்திருக்கிறது. டிரான்சிஸ்டர் திறந்தபடியே நிற்கிறது. ஒரு சுருளின் இரு முனைகளையும் இடம் மாற்றினால் உடனே எரியும். முதன்முறை செய்பவர்களில் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள், என் மகனும்தான். வீட்டில் பழைய மீடியம் வேவ் ரேடியோ இருந்தால் அருகில் வைத்துப் பாருங்கள். சர்க்யூட் துடித்தால் ரேடியோ இரைச்சல் போடும், துடிக்காவிட்டால் சும்மா இருக்கும்.

எல்.இ.டி.யின் முனைகளில் மீட்டரை வைத்து 'வோல்டேஜ் குறைகிறதே' என்று பதற வேண்டாம். அங்கே வருவது துடிக்கும் வோல்டேஜ். சாதாரண மீட்டர் அதைச் சரியாகச் சொல்லாது. எல்.இ.டி.யைக் கழற்றிவிட்டு சர்க்யூட்டை ஓட்டுவதும் கூடாது. போக வழியில்லாத வோல்டேஜ் உயர்ந்து டிரான்சிஸ்டரையே தாக்கும்.

இத்தனையும் எங்கள் டார்ச்சில் சரியாகவே இருந்தது. பிறகு எதற்கு அணைந்தது? செல்லின் முனைகளில் அளந்தோம்: 1.4 வோல்ட். போர்டின் முனைகளில் அளந்தோம்: 0.9. நடுவில் அரை வோல்ட்டைக் காணோம்! குற்றவாளி செல்லை அழுத்தும் ஸ்பிரிங். கழிக்கரை ஊரில் உப்புக் காற்றுக்குக் கேட்கவா வேண்டும், அதில் பச்சை பூத்திருந்தது. மேஜையில் அசையாமல் இருந்தவரை 0.9 வோல்ட்டிலும் சர்க்யூட் எரிந்தது. படியில் இறங்கும் அதிர்வில் தொடர்பே விட்டுப்போயிற்று. உப்புத்தாளால் ஸ்பிரிங்கைத் தேய்த்து, அதிலிருந்து போர்டுக்கு ஒரு வயரை நேராகச் சால்டர் செய்தோம். விளக்கு எரியும்போதே செல்லிலும் போர்டிலும் அளந்து ஒப்பிட வேண்டும்; அணைத்து வைத்து அளந்தால் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது.

கொஞ்சம் பெரிய எல்.இ.டி. போட ஆசைப்படுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1 வாட் எல்.இ.டி.க்கு 350 மில்லி ஆம்பியர் வேண்டும். ஒரு லித்தியம் செல்லோடு ஏஎம்சி 7135 என்ற சிறு சில்லு அந்த அளவைத் தானே காக்கும். ஆனால் எல்.இ.டி.யை அலுமினியத் தகட்டில் பொருத்தாமல் எரிக்காதீர்கள். பத்து நிமிடம் எரிய விட்டுத் தகட்டைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாவிட்டால் தகடு போதவில்லை. லித்தியம் செல்லின் மேல் நேராகச் சால்டர் வைப்பதும், 4.2 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் ஏற்றுவதும் தீப்பிடிக்கும் வேலை. பிள்ளைகள் கையில் பென்சில் செல்லே இருக்கட்டும்.

மகனின் டார்ச் இப்போது வாசல் ஆணியில் தொங்குகிறது. செல் கசிந்து ஸ்பிரிங்கை அரிக்காமலிருக்க அதைத் தனியே ஒரு பையில் போட்டு அதே ஆணியில் கட்டியிருக்கிறோம். மாதம் ஒருமுறை அதைப் போட்டு, டார்ச்சை நன்றாகக் குலுக்கிப் பார்ப்பது தாத்தாவின் வேலை.