ரேடியோ அயோடின் சிகிச்சைக்குப் பிறகு வீட்டில் எப்படி இருப்பது?

புற்றுநோய்க்குக் 'கரண்ட்' (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொண்டு அடையாறிலிருந்து தாம்பரம் திரும்புகிறவரைத் தனியே உட்காரவைத்து, தனித் தட்டு கொடுக்கும் வீடுகள் உண்டு. அதற்கு எந்தத் தேவையும் இல்லை. வெளியிலிருந்து இயந்திரம் செலுத்தும் கதிர் உடம்பில் தங்காது. அவர் அன்று மாலையே பேரனை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

வாய்வழியே உட்கொள்ளும் அயோடின்-131 விஷயம் வேறு. தைராய்டு புற்றுநோய் அறுவைக்குப் பின் சிலருக்கு இதைத் தருகிறார்கள். மிச்சமிருக்கும் தைராய்டு செல்கள் அயோடினை இழுத்துக்கொள்ளும். அதன் கதிரே அவற்றை அழிக்கும். 1940-களில் அமெரிக்காவில் தொடங்கிய வைத்தியம் இது. அளவு 30 மில்லிகியூரியைத் தாண்டினால் மருத்துவமனைத் தனியறையில் தங்க வேண்டும். உடம்பிலிருந்து வரும் கதிர் குறைந்த பிறகே வீட்டுக்கு அனுப்புவார்கள்.

அயோடின்-131 எட்டு நாளுக்கு ஒருமுறை தானாகவே பாதியாகும். ஆனால் பெரும்பகுதி அதற்கு முன்பே, முதல் இரண்டு மூன்று நாளில், சிறுநீரில் வெளியேறிவிடும். ஆகவே வீட்டில் அதிகக் கவனம் கேட்கும் இடம் கழிவறைதான். குரோம்பேட்டை, சேலையூர்ப் பக்கம் இரண்டு அறை வாடகை வீட்டில் எல்லோருக்கும் ஒரே கழிவறை என்றால் கலங்க வேண்டாம். ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கட்டும், சிந்தக் கூடாது. இரண்டு முறை தண்ணீர் விட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். டாக்டர் வேறு சொல்லாதவரை தண்ணீர் நிறையக் குடிக்கலாம். துணி, துண்டு, தட்டு, டம்ளர் தனி. கழுவிய பின் தட்டு டம்ளரில் பயமில்லை.

அடுத்தது தூரம். தூரம் இரட்டிப்பானால் கதிர் கால் பங்காகும். தனிப் படுக்கை, முடிந்தால் தனி அறை. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் டாக்டர் சொன்ன நாள் வரை அருகில் விட வேண்டாம். பேத்தி ஓடி வந்து கட்டிக்கொள்வதைத் தடுப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். ஆனால் வாசற்படியில் நின்று பத்து நிமிடம் பேசிவிட்டுப் போகிற அண்டை வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகாது. அவரை வர விடுங்கள். வீடு திரும்பும் நாளில் கூட்ட நெரிசலான மின்சார ரயிலும் ஷேர் ஆட்டோவும் வேண்டாம்; காரில் பின்சீட்டில், டிரைவருக்கு எதிர்ப்பக்க மூலையில் உட்காரலாம்.

கர்ப்பிணிக்கு இந்த மருந்து கூடவே கூடாது. தாய்ப்பாலைச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். சிகிச்சைக்குப் பின் ஆறு மாதமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். விமான நிலையக் கதிர்க்கருவி சில வாரங்கள் கழித்தும் ஒலிக்கக்கூடும். பயணம் இருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வைத்திருங்கள்.