பவளத்தை விட்டு நகராத உளுவை

ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையை ஒட்டி நீளும் கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் வெகுவாக வற்றும். ஆழமில்லாத இடங்களில் பவளப் புதர்களின் தலை தண்ணீருக்கு மேலே வந்துவிடும். பெரும்பாலான மீன்கள் அதற்கு முன்பே ஆழம் பார்த்து ஒதுங்கிவிடுகின்றன. ஒரு மீன் மட்டும் போவதில்லை. காற்றில் நிற்கும் பவளத்தின் கிளை இடுக்கில் ஈர உடலோடு ஒட்டிக்கொண்டு, தண்ணீர் திரும்பி வரும்வரை அங்கேயே இருக்கிறது. அதன் அறிவியல் பெயர் கோபியோடான் ஹிஸ்ட்ரியோ. நம் குளங்களிலும் கழிமுகங்களிலும் பிடிபடும் உளுவையின் குடும்பத்தைச் சேர்ந்தது. நீளம் மூன்று சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

உளுவைக் குடும்பம் மிகப் பெரியது. ஏறத்தாழ 2,000 இனங்கள் அதில் உண்டு. சேற்றில் புதைபவை, ஆற்று மணலில் படுத்திருப்பவை, இறாலோடு ஒரே வளையைப் பங்குபோட்டுக்கொள்பவை என்று பல வகை. கோபியோடான் பேரினம் இவற்றில் ஒரு தனி வழியில் போனது. கிளைவிடும் பவளங்களே அதற்கு ஊரும் வீடும். அதிலும் அக்ரோபோரா என்ற பவளப் பேரினத்தோடுதான் பெரும்பாலான கோபியோடான் இனங்களுக்கு உறவு. ஹிஸ்ட்ரியோவுக்கு மிகப் பிடித்தது அக்ரோபோரா நசூட்டா. விரல் பருமனுள்ள குட்டைக் கிளைகள் நெருக்கமாக நிற்க, மேலிருந்து பார்த்தால் வட்டமான சிறு புதராகத் தெரியும் பவளம் அது.

டார்ச் வெளிச்சத்தைக் கிளைகளுக்கு நடுவே பாய்ச்சினால் முதலில் கண்ணில் படுவது நிறம்தான். பசுமையான உடல், அதன் மேல் செம்மை கலந்த கோடுகளும் புள்ளிகளும். உடல் இரு பக்கமும் அழுத்தியது போலத் தட்டையாக இருக்கும். கிளை இடுக்கில் புகுந்து திரும்புவதற்கு ஏற்ற வடிவம். அடிவயிற்றுத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாக இணைந்து சிறிய கிண்ணம் போல ஆகியிருக்கின்றன. அதைக் கிளையில் ஊன்றிக்கொண்டுதான் மீன் நிற்கிறது. செதில் கிடையாது. உடல் முழுக்க வழுவழுப்பான கோழை. இந்தக் கோழை வெறும் வழுவழுப்பு அல்ல, நஞ்சு. கோபியோடான் மீன்களின் தோலில் நஞ்சு இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1974இலேயே எழுதிவிட்டார்கள். கடித்த மீன் துப்பிவிடும் அளவுக்கு அது கசப்பானது.

இவ்வளவு பாதுகாப்பான வீட்டிலும் இரவு என்பது சோதனையான நேரம். பகலில் பவளத்தின் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகள் சூரிய ஒளியில் உணவு தயாரித்து, ஆக்சிஜனைத் தண்ணீரில் விடுகின்றன. பொழுது சாய்ந்ததும் அந்த வேலை நின்றுவிடும். பவளமும் சுவாசிக்கிறது, பாசியும் சுவாசிக்கிறது, உள்ளே இருக்கும் நண்டும் மீனும் சுவாசிக்கின்றன. காற்று ஓய்ந்து நீரோட்டமும் அடங்கிய இரவில், நெருக்கமான கிளைகளுக்கு நடுவே தேங்கும் தண்ணீரில் ஆக்சிஜன் கிடுகிடுவென்று குறைந்துவிடும். வெளியே ஒரு முழம் நகர்ந்தால் நல்ல தண்ணீர். ஆனால் வெளியேதான் வேட்டை மீன்களும் இருக்கின்றன.

மீன் என்ன செய்கிறது என்பதை நில்ஸன், மண்டே உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தண்ணீரில் ஆக்சிஜனின் அளவு, காற்றோடு சமநிலையில் இருக்கும்போது உள்ள அளவில் 18 சதவீதம் வரை இறங்கினாலும் ஹிஸ்ட்ரியோ வழக்கம்போல ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. அதற்கும் கீழே போனாலும் குறைந்தது இரண்டு மணி நேரம் தாங்குகிறது. தண்ணீரே இல்லாமல் காற்றில் விட்டால் மூன்று மணி நேரத்துக்கு மேலும் உயிரோடு இருந்து, காற்றிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. செதில் இல்லாத ஈரத்தோல் அதற்குக் கைகொடுக்கிறது. கடல் வற்றும்போது இந்த மீன் ஏன் ஓடுவதில்லை என்பதற்கு விடை இதுதான். ஓட வேண்டிய தேவை வராதபடி உடலையே மாற்றிக்கொண்ட மீன் அது.

வாடகை இல்லாமல் அது குடியிருக்கவில்லை. பவளத்தின் சதையைக் கொத்தித் தின்றே வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்கள் கடலில் உண்டு. செங்கடலில் நடந்த ஆய்வு ஒன்றில், கோபியோடான் குடியிருக்கும் அக்ரோபோராவையும் குடியில்லாத அக்ரோபோராவையும் அந்த மீன்களுக்கு முன்னால் வைத்துப் பார்த்தார்கள். உளுவை இருந்த பவளத்தில் கொத்துகளின் எண்ணிக்கை குறைந்தது. தன்னைக் காத்துக்கொள்ள மீன் சுரக்கும் நஞ்சு பவளத்துக்கும் காப்பாகிவிடுகிறது. உளுவையும் அவ்வப்போது பவளத்தின் கோழையையும் சதையையும் கொஞ்சம் தின்னத்தான் செய்கிறது. பெரிய வாய்களைத் தடுப்பதோடு ஒப்பிட்டால் அது சின்னச் செலவு.

நகராமலே வாழும் மீனுக்குத் துணை எப்படிக் கிடைக்கும்? இந்த மீனின் வாழ்க்கையில் மிகவும் வியக்கத்தக்க பகுதி இங்கேதான் இருக்கிறது. ஒரு பவளத்தில் பெரும்பாலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக ஒரே ஒரு சோடி. அவற்றில் ஒன்று இறந்துபோனால், மிச்சமிருப்பது துணை தேடித் திட்டெங்கும் அலைய முடியாது. நீந்துவதில் அது கெட்டிக்கார மீன் அல்ல. பக்கத்துப் புதருக்குப் போகும் சில மீட்டர் தூரமே உயிருக்கு ஆபத்து. ஆகவே அருகில் எந்த மீன் கிடைக்கிறதோ, வந்து சேருவது எதுவோ, அதனோடுதான் வாழ்ந்தாக வேண்டும். அதுவும் இதே பாலாக இருந்துவிட்டால்?

இரண்டில் ஒன்று மாறிக்கொள்கிறது. மீன்களில் பால்மாற்றம் புதிய செய்தி அல்ல. கோமாளி மீன் ஆணிலிருந்து பெண்ணாகும், பல கிளிமீன்கள் பெண்ணிலிருந்து ஆணாகும். அவற்றுக்கெல்லாம் அது ஒருவழிப் பாதை. பவள உளுவைகள் இரு திசையிலும் மாறக்கூடியவை. ஜப்பானின் ஓகினாவா கடலில் பாராகோபியோடான் என்ற நெருங்கிய உறவு மீனிடம் இதைக் குவாமுராவும் அவருடைய சகாக்களும் 1994இல் காட்டினார்கள். கிரேட் பேரியர் ரீஃப்பின் ஹிஸ்ட்ரியோவிடம் பிலிப் மண்டேயும் சகாக்களும் 1998இல் அதையே கண்டார்கள். இளம் மீன்கள் முதலில் பெண்ணாகப் பருவமடைகின்றன. இரண்டு பெண்களை ஒரே பவளத்தில் விட்டால் பெரியது ஆணாகிறது. இரண்டு ஆண்களை விட்டால் சிறியது பெண்ணாகிறது. சில வாரங்களில் காரியம் முடிந்து, முட்டையிடத் தயாராகிவிடுகின்றன.

சோடி சேர்ந்ததும் ஒரு கிளையின் சதையைக் கடித்து நீக்கி, வெறும் சுண்ணாம்புப் பரப்பாக்கி, அதைச் சுற்றிப் பெண் முட்டைகளை ஒட்டிவைக்கிறது. காவல் ஆணின் பொறுப்பு. துடுப்பால் விசிறி விசிறி முட்டைகளுக்கு நல்ல தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பொரிந்த குஞ்சுகள் பவளத்தில் தங்குவதில்லை. கண்ணாடி போன்ற உடலோடு திறந்த கடலில் மிதந்து சில வாரங்களைக் கழிக்கின்றன. தப்பிப் பிழைப்பவை வளர்ந்து பவளத்திட்டுக்குத் திரும்பும்போது, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வீட்டைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைக்கிறது என்றே சொல்லலாம். அந்தத் தேர்வு உயிரோடு விளையாடும் தேர்வு. அக்ரோபோரா நசூட்டாவில் குடியேறிய ஹிஸ்ட்ரியோ, அக்ரோபோரா லோரிப்ஸ் என்ற இன்னொரு பவளத்தில் குடியேறியதைவிட வேகமாக வளர்வதை மண்டே பதிவு செய்திருக்கிறார். நல்ல இடம் எல்லோருக்கும் கிடைத்துவிடாது. பெரிய மீன்கள் முந்திக்கொள்ளும்.

சில இனங்கள் சோடியோடு நிற்காமல் கூட்டமாகவும் வாழ்கின்றன. செரியாடோபோரா பவளத்தில் வாழும் பாராகோபியோடான் சாந்தோசோமா என்ற மஞ்சள் நிற உளுவை அப்படிப்பட்டது. ஒரு பவளத்தில் பல மீன்கள் இருந்தாலும் முட்டையிடும் உரிமை மேலே இருக்கும் சோடிக்கு மட்டும். மற்றவை பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையில் நிற்கின்றன. மேரியன் வாங்கும் சகாக்களும் கிரேட் பேரியர் ரீஃப்பில் உள்ள லிசர்ட் தீவுப் பகுதியில் இவற்றை ஆராய்ந்தபோது, வரிசையில் கீழே உள்ள மீன் எப்போதும் தனக்கு மேலே உள்ளதைவிடச் சற்றுச் சிறியதாகவே இருப்பதைக் கவனித்தார்கள். அளவு நெருங்கிவந்தால் மேலே உள்ளது அதைத் துரத்தி வெளியே தள்ளிவிடும். வெளியே போவதென்றால் சாவுதான். அதனால், கூடுதல் உணவு எதிரே இருந்தும் கீழ்மீன் தின்னாமல் விட்டுவிடுகிறது. வளர்ந்துவிடாதிருக்கப் பட்டினி கிடக்கும் மீன்!

இவ்வளவு சிறிய உயிர்கள் திட்டின் கணக்கில் என்ன பெறும் என்று எண்ணிவிடக் கூடாது. பவள இடுக்குகளில் ஒளிந்து வாழும் சிறுமீன்களைப் பற்றி சைமன் பிராண்டல் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, பவளத்திட்டில் மற்ற உயிர்களுக்கு இரையாகும் மீன் எடையில் கிட்டத்தட்ட 60 சதவீதம் இவற்றிலிருந்து வருகிறது. வேகமாகப் பிறந்து, வேகமாக வளர்ந்து, வேகமாகத் தின்னப்பட்டு, மீண்டும் குஞ்சுகளால் நிரம்புகின்றன. இதன் உச்சம் எவியோட்டா சிஜில்லாட்டா என்ற குள்ள உளுவை. அதன் வாழ்நாள் அதிகம் போனால் 59 நாள். முதுகெலும்புள்ள விலங்குகளில் இதுவரை பதிவானவற்றுள் மிகக் குறுகிய ஆயுள் அது. 2005இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டெப்சின்ஸ்கியும் பெல்வுட்டும், மீனின் காதுக்குள் இருக்கும் சுண்ணாம்புக் கல்லில் நாளுக்கு ஒன்றாகப் படியும் வளையங்களை எண்ணி இதைக் கண்டுபிடித்தார்கள். கோபியோடான் அதற்கு நேர் எதிர், ஆண்டுக்கணக்கில் வாழும். அதிகமாகச் சாகும் மீனுக்கு விரைவில் ஈடு வந்துவிடும். மெதுவாக வாழ்ந்து, ஒரே பவளத்தை நம்பியிருக்கும் மீனுக்கு ஈடு எளிதில் வராது.

அது எவ்வளவு உண்மை என்பதை 2014 முதல் 2017 வரையிலான ஆண்டுகள் காட்டிவிட்டன. லிசர்ட் தீவு 2014 ஏப்ரலில் இட்டா புயலையும், 2015 மார்ச்சில் நேதன் புயலையும் எதிர்கொண்டது. அடுத்து 2016, 2017 இரண்டு கோடைகளிலும் கடல்நீர் சூடேறிப் பவளம் வெளுத்தது. வெளுப்பது என்பது, வெப்பம் தாங்காமல் பவளம் தன் திசுக்களில் வாழும் பாசிகளை வெளியேற்றிவிடுவது. நீண்டுபோனால் பவளம் செத்துவிடும். இந்த நான்கு தாக்குதல்களுக்கும் முன்னும் பின்னும் அக்ரோபோராவையும் கோபியோடானையும் சேர்த்தே எண்ணிவந்த ஆய்வாளர்கள் 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். புயல்களுக்குப் பிறகு பவளத்தின் அகலமும், ஒரு பவளத்தில் இருந்த மீன்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒரே அளவில், 28 முதல் 30 சதவீதம் வரை குறைந்திருந்தன. வெப்பத்துக்குப் பிறகு கதை மாறியது. பவளத்தின் அகலம் 47 சதவீதம் சுருங்கியது. மீனோ சோடியாக இருந்த இடத்தில் பெரும்பாலும் ஒற்றையாக நின்றது. பல பவள இனங்கள் பிழைத்திருந்தும் எல்லா உளுவை இனங்களும் சரிந்தன. 78 சதவீதப் பவளங்களில் ஒரு மீன்கூட இல்லை.

உயிருள்ள பவளம் இருக்கிறது, அதில் குடியிருப்போர் இல்லை. இந்த இடைவெளிதான் கவலைக்குரியது. பவளத்திட்டின் நலத்தை உலகெங்கும் பெரும்பாலும் ஒரே அளவுகோலால் அளக்கிறார்கள்: அளவு நாடாவை விரித்து, அதன் கீழே எத்தனை சதவீதம் உயிருள்ள பவளம் என்று பார்ப்பது. லிசர்ட் தீவில் அந்த அளவுகோலை மட்டும் நம்பியிருந்தால் உளுவைகளின் இழப்பு கண்ணுக்கே தெரிந்திருக்காது. பாப்புவா நியூ கினியாவின் கிம்பே விரிகுடாவிலும், பவளம் குறைந்தபோது பல வகைப் பவளங்களில் வாழத் தெரிந்த இனங்களைவிட, ஒன்றிரண்டை மட்டும் நம்பிய கோபியோடான் இனங்களே கூடுதலாகச் சரிந்தன. இதையும் மண்டே 2004இல் எழுதியிருக்கிறார்.

மன்னார் வளைகுடாவுக்கும் இது பொருந்தும் பேச்சுதான். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றிய திட்டுகளில் அக்ரோபோரா வளர்கிறது. 2010இலும் 2016இலும் அங்கும் பவளம் வெளுத்தது. உடைந்த கிளைகளை எடுத்துக் கட்டி, கடலடியில் மீண்டும் நட்டு வளர்க்கும் பணி தூத்துக்குடி ஆய்வாளர்களால் 2002 முதல் நடந்துவருகிறது. நட்ட கிளை பிழைத்ததா என்பது முதல் கேள்வி. அந்தப் புதர் ஒரு சோடி மீனைத் தாங்கும் அளவுக்குப் பருத்துவிட்டதா, அதற்குள் எந்த உயிர் வந்து தங்குகிறது என்பதும் அதே பதிவேட்டில் இடம்பெற வேண்டிய கேள்வி. அதற்கு டார்ச்சும் பொறுமையும் போதும். மீனைக் கையில் எடுத்து அளக்க வேண்டுமென்றால், கிராம்பு எண்ணெய் கலந்த நீரைக் கிளை இடுக்கில் மெல்லப் பீய்ச்சிச் சற்று மயக்கி, வலையில் ஏந்தி, நீளத்தையும் பாலையும் குறித்துக்கொண்டு, அதே பவளத்தில் திரும்ப விடுவது ஆய்வாளர்களின் வழக்கம். வேறு பவளத்தில் விட்டுவிட்டால் அங்கே ஏற்கெனவே இருக்கும் சோடி அதைத் துரத்திவிடும்.