விறாந்தைச் சோதனையும் மென்பொருட் கட்டமைப்பும்

கலஹாவிலிருந்து தெல்தோட்டை வழியாக மலையேறிச் செல்வோர் லூல்கந்துரத் தோட்டத்தை அடைவர். அங்கே 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். தொழிற்சாலை எழுமுன்னர், தம் வீட்டு விறாந்தையிலேயே கொழுந்தை மேசைமீது கையால் உருட்டி, மண்ணடுப்பின் கரித்தணலில் உலர்த்திச் செய்முறையைத் தேர்ந்தார். உருட்டும் பொறியோடு தொழிற்சாலை அமைந்தது 1872இலேதான். சிறிய இடத்திலே படிகளைத் தெளிந்த பின்னரே பெரும் பொறியை நம்பும் இம்முறை, இன்றைய கணினித் துறைக்கும் பொருந்துவதாகும்.

மென்பொருளொன்று பயன்படு நிலையை அடையுமுன் மூலநிரலைத் தொகுத்தல், துணைக் கூறுகளை இணைத்தல், சோதனைகளை நடாத்துதல் எனப் பல படிகளைக் கடக்கின்றது. அவற்றைக் கோப்பொன்றில் ஒழுங்காக எழுதிவைப்பின் கணினி தானே நிறைவேற்றும். பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் ஆக்கிய 'மேக்' என்னுங் கருவி இத்துறையின் முன்னோடியாகும். அவருடைய சகா ஒருவர் நிரலைத் திருத்திய பின் மீளத் தொகுக்க மறந்து, இல்லாத பிழையைத் தேடிக் காலைப்பொழுதை வீணாக்கியமையே அவ்வாக்கத்திற்குத் தூண்டுகோலாயிற்று.

இக்காலத்தில் அக்கோப்புப் பெரும்பாலும் தொலைவிலுள்ள வழங்கியில் இயங்குகின்றது. ஓரெழுத்துப் பிழைபடினும், திருத்தி அனுப்பிக் காத்திருந்து, தோல்வியறிந்து மீண்டும் அனுப்புதல் வேண்டும். உடனுழைப்போர் வேலையுந் தடைப்படும். ஆதலின் முதலில் தன் கணினியிலே சோதித்தல் நன்று.

அதற்குரிய நெறிகள் சில. முதலாவது, கட்டளைகளை நிறைவேற்றாது அவற்றின் வரிசையை மட்டும் காட்டச் செய்து படித்தல். 'மேக்' கருவியில் இதற்கு வசதியுண்டு. இரண்டாவது, படிகளைத் தனித்தனியே இயக்கி, முதலில் தோன்றும் பிழையை முதலில் திருத்துதல். பின்வருவன பெரும்பாலும் அதன் விளைவுகளே. மூன்றாவது, வெறுமையான சூழலில் இயக்கிப் பார்த்தல். நம் கணினியில் என்றோ நிறுவிய கருவி வழங்கியில் இராது. "என்னிடம் இயங்கியதே" என்னும் புலம்பலுக்குக் காரணம் இதுவே. 2013இல் வெளிவந்த 'டொக்கர்' போன்றவை அத்தகைய சூழலை எளிதில் அமைத்துத் தரும். நான்காவது, சோதனைக்கெனக் கடவுச்சொல்லைக் கோப்பில் எழுதாமை.

எனினும், இச்சோதனை இறுதித் தீர்ப்பன்று. வழங்கியின் பொறியமைப்பும் அனுமதிகளும் வேறுபடலாம். லூல்கந்துரத் தேயிலையும் 1873இல் 23 றாத்தல் அளவில் இலண்டன் சென்றே தன் தரத்தை நாட்டவேண்டியிருந்தது. ஆயினும், விறாந்தையில் ஆராயாதது இலண்டனில் எங்ஙனம் நிலைபெறும்? மாணவர் இதனைச் சிந்திப்பாராக.