மோட்டார் நின்றுவிட்டால்...

கடலில் சின்னப் படகின் மோட்டார் நிற்பதற்குப் பெரும்பாலும் சின்னக் காரணமே இருக்கும்: கரி பிடித்த ஸ்பார்க் பிளக், பெட்ரோலில் கலந்த தண்ணீர், அறுந்துபோன ஸ்டார்ட்டர் கயிறு. மாற்று பிளக், அதற்கேற்ற ஸ்பேனர், ஃபில்ட்டர், கொஞ்சம் கயிறு ஒரு பெட்டியில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

பலரும் அறியாத பொருள் ஷியர் பின். சிறிய அவுட்போர்டு மோட்டார்கள் பலவற்றில் புரொப்பல்லரைத் தண்டோடு இணைக்கும் உலோக ஊசி இது. இறக்கை பாறையில் மோதினால், கியர் உடையாதிருக்க இது ஒடிந்துவிடும். பிறகு எஞ்சின் உறுமும், படகு நகராது. மாற்று பின் இருந்தால் தப்பிக்கலாம். அந்த இடத்தில் இரும்பு ஆணியைச் செருகும் கெட்டிக்காரர்களும் உண்டு. அடுத்த மோதலில் செலவு கியருக்கு!

எதுவும் பலிக்காவிட்டால் நங்கூரமும் துடுப்பும்தான் துணை.

உதவி கேட்க விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் சேனல். இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554. கரைக்கு அருகில் என்றால், தண்ணீர் புகாத உறையில் வைத்த கைபேசியும் உதவும். பகலில் ஆரஞ்சுப் புகை, இரவில் சிவப்புக் கைவாணம். வாணங்களுக்குக் காலாவதித் தேதி உண்டு, பெரும்பாலும் தயாரித்ததிலிருந்து 3 ஆண்டுகள். பெட்டியை மூடுமுன் அதையும் பார்த்துவிட வேண்டும்.