கிளை அலுவலகத்தில் திரை இழுக்கிறதா? பிளானை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

"சர்வர் ஸ்லோ, கொஞ்சம் இருங்க." கவுண்ட்டரில் இதைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. இரண்டு கிளைகள் வைத்துத் தொழில் நடத்துபவராக இருந்தால் நீங்களே இதைச் சொல்லியும் இருப்பீர்கள். தலைமை அலுவலகம் மதுரையில், கிளை திண்டுக்கல்லில் என்று வைத்துக்கொள்வோம். பில், கணக்கு, சரக்கு இருப்பு எல்லாம் மதுரைக் கணினியில் இருக்கின்றன. கிளையில் இருப்பவர் ‘ரிமோட் டெஸ்க்டாப்’ மூலம் அந்தக் கணினியின் திரையைத் திறந்து வேலை செய்கிறார். எழுத்தை அடித்தால் இரண்டு நொடி கழித்துத்தான் வருகிறது. வரிசையும் நீள்கிறது.

உடனே பலரும் 100 எம்பிபிஎஸ் பிளானை 200 ஆக மாற்றிவிடுகிறார்கள். மாதாமாதம் பணம் கூடுதலாகப் போகும், ஆனால் திரை பெரும்பாலும் பழையபடியே இழுக்கும்.

வேகம் வேறு, தாமதம் வேறு

நீங்கள் ஒரு எழுத்தை அழுத்தினால் அந்தத் தகவல் மதுரைக்குப் போகிறது. அங்கே எழுத்து திரையில் விழுந்து, அதன் படம் உங்களுக்குத் திரும்பி வருகிறது. சாதாரண பில் திரைக்குச் சில எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். போய்வர ஆகும் நேரம்தான் இங்கே முக்கியம். ரோடு அகலமாக இருந்தால் நிறைய வண்டி போகலாம். அதற்காக ஒரு வண்டி சீக்கிரம் ஊர் போய்ச் சேர்ந்துவிடாது.

ஃபைபர் கேபிளில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்லும். 1,000 கி.மீ. தூரத்துக்குப் போய்வர 10 மில்லிசெகண்ட் போதும். மதுரை – திண்டுக்கல் இடையே 200 மில்லிசெகண்ட் ஆகிறது என்றால் அதற்குத் தூரம் காரணமில்லை. வழியில் எங்கோ சிக்கல் இருக்கிறது.

எங்கே சிக்கல் என்று பாருங்கள்

1. கிளைக் கணினியில் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ திறந்து, முதலில் கிளையின் ரவுட்டருக்கும், பிறகு தலைமை அலுவலக ரவுட்டருக்கும் ‘பிங்’ கொடுங்கள். இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே இருக்கும் ரவுட்டருக்கே 20, 50 என்று ஏறி இறங்கினால் கோளாறு உங்கள் வைஃபையில் இருக்கிறது. லேன் கேபிள் போட்டுப் பாருங்கள். ரவுட்டர் வரை சரியாக இருந்து, தலைமை அலுவலகம் வரை 150-க்கு மேல் போனாலோ, நடுநடுவே பதில் வராமல் போனாலோ, சிக்கல் வெளி லைனில் இருக்கலாம். ஒரு பதில்கூட வரவில்லையா? அங்கே பிங் தடுக்கப்பட்டிருக்கலாம். அதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

2. அடுத்த சோதனைக்கு உங்கள் ஸ்மார்ட்போன் போதும். ஹாட்ஸ்பாட் போட்டு, கிளைக் கணினியை அதில் இணைத்து, அதே வேலையைச் செய்து பாருங்கள். இப்போது நன்றாக ஓடினால் கோளாறு கிளையின் பிராட்பேண்டில். அப்போதும் இழுத்தால் தலைமை அலுவலகப் பக்கம் பார்க்க வேண்டும்.

3. திரையை அனுப்புவது தலைமை அலுவலகம். அதனால் அங்கே டவுன்லோட் வேகத்தைவிட அப்லோட் வேகம்தான் முக்கியம். சிசிடிவி பதிவோ கிளவுட் பேக்கப்போ பகலில் ஓடினால் அந்த வழி அடைத்துக்கொள்ளும். பேக்கப்பை இரவுக்கு மாற்றுங்கள்.

4. மதுரையில் அந்தக் கணினி முன்பே உட்கார்ந்திருப்பவருக்கும் ஸ்லோவா? அப்படியென்றால் இணையத்தின் மேல் பழி போடாதீர்கள். ‘டாஸ்க் மேனேஜர்’ திறந்து மெமரி, டிஸ்க் இரண்டும் 100 சதவீதத்தை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள்.

5. ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பின் ‘எக்ஸ்பீரியன்ஸ்’ பக்கத்தில் வால்பேப்பர், அனிமேஷன் போன்றவற்றை நீக்கிவிடுங்கள். ‘டிஸ்ப்ளே’ பக்கத்தில் நிறத்தை 16 பிட் ஆக்குங்கள். தேவையில்லாத பிரிண்டர், டிரைவ் பகிர்வுகளையும் எடுத்துவிடுங்கள். இதற்குச் செலவே கிடையாது.

வேகத்துக்காகப் பூட்டைத் திறக்காதீர்கள்

"விபிஎன் எடுத்துட்டு 3389 போர்ட்டை நேரா திறந்துவிட்டா வேகமா இருக்கும் சார்" என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். 3389 என்பது ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான வாசல். திறந்திருக்கும் வாசலைத் தேடி இணையம் முழுக்கத் துழாவும் மென்பொருள்கள் இருக்கின்றன. 2019 மே மாதம் இந்தச் சேவையில் ‘ப்ளூகீப்’ என்ற ஓட்டை தெரியவந்தபோது, ஆதரவை நிறுத்தி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. கணக்குப் புத்தகம் முழுவதும் பூட்டப்பட்டு, திறக்கப் பணம் கேட்கும் மிரட்டலுக்கு இப்படித் திறந்த வாசலே போதும்.

அதேபோல, "ஸ்லோவா இருக்கா? இந்த ஆப்பைப் போட்டு வர்ற நம்பரைச் சொல்லுங்க, சரி பண்றேன்" என்று முன்பின் தெரியாதவர் அழைத்தால் போனை வைத்துவிடுங்கள். அந்த எண்ணைச் சொன்னால் உங்கள் திரை அவர் கைக்குப் போய்விடும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

புகார் செய்யும்போது

"நெட் ஸ்லோ" என்று மட்டும் சொன்னால், "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற பதிலோடு முடிந்துவிடும். "காலை 11 மணிக்கு எங்கள் ரவுட்டர் வரை 2, தலைமை அலுவலகம் வரை 240. ஹாட்ஸ்பாட்டில் 60" என்று எண்ணோடு சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள். உரிய நாளுக்குள் தீராவிட்டால், டிராயின் 2012-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பிடம் முறையிடலாம். அப்போது உங்கள் கையில் இருக்க வேண்டியவை இரண்டு: புகார் எண்ணும், தேதி, நேரத்தோடு நீங்கள் எழுதி வைத்த பிங் கணக்கும்.