குளிர்பான ரின்னில் ஓர் அடுப்பு – ஆவியாதலும் தகனமும்

பாடசாலை ஆய்வுகூடத்தில் மதுசார விளக்கைக் கண்டிருப்பீர்கள். அதில் உள்ள எதனோல் திரியின் மயிர்த்துளைகளினூடாக மேலேறி, நுனியில் ஆவியாகி எரிகின்றது. திரியே இல்லாமல் மதுசாரத்தை ஒழுங்காக எரிக்க முடியுமா? முடியும். வெறுமையான இரண்டு குளிர்பான ரின்கள் போதும். வெப்பம், நிலைமாற்றம், தகனம் ஆகிய மூன்று அலகுகளையும் தனித்தனியே மனனஞ் செய்யும் மாணவர்கள், இச்சிறிய அடுப்பில் அவை மூன்றும் ஒன்றாகத் தொழிற்படுவதைக் காணலாம்.

இவ்வடுப்பு ஐக்கிய அமெரிக்காவின் நெடுந்தூர நடைபயணிகளிடையே பிரபல்யமானது. அங்கு ஜோர்ஜியா மாநிலத்திலிருந்து மேய்ன் மாநிலம் வரை செல்லும் அப்பலாச்சியன் பாதை ஏறத்தாழ 3500 கிலோமீற்றர் நீளமுடையது. மாதக்கணக்கில் முதுகில் சுமந்து நடப்பவருக்கு ஒவ்வொரு கிராமும் ஒரு சுமை. சுவீடனின் திராங்கியா நிறுவனம் 1950களிலிருந்து விற்றுவரும் மதுசார அடுப்பில் பித்தளை எரிப்பான் மட்டுமே 100 கிராமுக்கு மேற்பட்டது. ரின் அடுப்போ ஒரு வெற்று ரின்னின் அளவு பாரமே உடையது.

அமைப்பைப் பார்ப்போம். இரு ரின்களின் அடிப்பாகங்களும் சில சென்ரிமீற்றர் உயரத்தில் வெட்டி எடுக்கப்படுகின்றன. ஒன்று கீழ்க்கிண்ணமாகின்றது. மற்றையது கவிழ்க்கப்பட்டு மேல்மூடியாகின்றது. அதன் நடுவிலுள்ள குழிந்த பகுதி வெட்டி அகற்றப்பட்டு, விளிம்பைச் சுற்றி ஊசியால் ஏறத்தாழ 16 சிறு துளைகள் இடப்படுகின்றன. ரின்னின் நடுப்பகுதியிலிருந்து வெட்டிய தகடொன்று வளையமாகச் சுருட்டப்பட்டு உட்சுவராக நிறுத்தப்படுகின்றது. இவ்வளையத்தின் கீழ் விளிம்பில் இரண்டு மூன்று சிறு வெட்டுகள் இருக்கும். பின்னர் இரு கிண்ணங்களும் ஒன்றினுள் ஒன்றாக இறுக்கப்படுகின்றன. இப்போது நடுவில் ஒரு திறந்த குழியும், அதைச் சுற்றி இரு சுவர்களுக்கிடையே மூடிய ஓர் இடைவெளியும் உண்டு. குழியில் ஊற்றும் எதனோல் கீழ் வெட்டுகளினூடாக இடைவெளிக்குள்ளும் செல்லும். அந்த வெட்டுகளை மறந்தால் முழு வேலையும் வீண்.

தீயிட்டவுடன் நடுக்குழியில் மட்டுமே சுவாலை எழும். அதன் வெப்பம் மெல்லிய அலுமினியச் சுவரினூடாகக் கடத்தலினால் இடைவெளியிலுள்ள எதனோலை அடைகின்றது. எதனோலின் கொதிநிலை 78 பாகை செல்சியஸ் மட்டுமே. எனவே சிறிது நேரத்தில் அது கொதிக்கத் தொடங்குகின்றது. ஆவியின் அமுக்கம் கூடுகின்றது. வெளியேற வேறு வழியில்லாத ஆவி விளிம்புத் துளைகளினூடாகத் தாரைகளாகப் பாய்ந்து தீப்பற்றுகின்றது. திரி செய்த வேலையை இப்போது வெப்பமே செய்கின்றது.

இதற்கு எவ்வளவு வெப்பம் தேவை? 1 கிராம் எதனோலை 30 பாகையிலிருந்து 78 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 0.1 கிலோயூலும், அதனை ஆவியாக்க ஏறத்தாழ 0.8 கிலோயூலும் வேண்டும். கூட்டினால் 1 கிலோயூலுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அதே 1 கிராம் எரியும்போது ஏறத்தாழ 30 கிலோயூல் வெளிவிடப்படுகின்றது. அதாவது, வெளிவரும் வெப்பத்தில் முப்பதில் ஒரு பங்கு எரிபொருளுக்குத் திரும்பினாலே போதும், அடுப்பு தானாகத் தொடர்ந்து எரியும். இதன் நுட்பம் முழுவதும் இந்த முப்பதில் ஒரு பங்கிலேயே தங்கியுள்ளது.

ஒரு நியாயமான ஐயம் எழலாம். அலுமினியத்தின் உருகுநிலை 660 பாகை செல்சியஸ். சுவாலையின் வெப்பநிலையோ 1000 பாகைக்கு மேல். ரின் ஏன் உருகுவதில்லை? உள்ளே திரவ எதனோல் இருக்கும் வரை, சுவர் பெறும் வெப்பத்தை அது மறைவெப்பமாக எடுத்துக்கொள்கின்றது. கொதிக்கும்போது திரவத்தின் வெப்பநிலை 78 பாகையைத் தாண்டுவதில்லை. எரிபொருள் முடிந்தால் சுவாலையும் முடிந்துவிடும். “அலுமினியம் நற்கடத்தி என்பதால்” என்று மட்டும் எழுதும் விடை முழுமையானதன்று.

இனி ஒரு கணிப்பு. 30 பாகையிலுள்ள 500 கிராம் நீரை 100 பாகைக்குக் கொண்டுவர 20 மில்லிலீற்றர் எதனோல் செலவானது எனக் கொள்வோம். நீர் பெற்ற வெப்பம் 500 × 4.2 × 70 = 147 000 யூல், அதாவது 147 கிலோயூல். எதனோலின் அடர்த்தி மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 0.8 கிராம், ஆகவே எரிந்த திணிவு 16 கிராம். வெளிவிட்ட வெப்பம் 16 × 30 = 480 கிலோயூல். வினைத்திறன் 147 ÷ 480 × 100, ஏறத்தாழ 31 சதவீதம். கனவளவைத் திணிவாக மாற்றாமல் 20 ஐ 30 ஆற் பெருக்குவதே இங்கு வழக்கமான தவறு. மீதி வெப்பம் வளிக்கும் பாத்திரத்துக்கும் போயிற்று. காற்றுத் தடுப்பு ஒன்றை வைத்தால் மேற்காவுகையினால் ஏற்படும் இழப்புக் குறையும்.

எதனோலின் மூலக்கூறில் 2 காபன் அணுக்களே உள்ளன. அதனுள்ளேயே ஓர் ஒட்சிசன் அணுவும் இருக்கின்றது. இதனால் கரித்துகள் மிகக் குறைவாகவே தோன்றும். மண்ணெண்ணெய்ச் சுவாலையை மஞ்சளாக ஒளிரச் செய்வது சூடான கரித்துகள்களே. அவை இல்லாத எதனோற் சுவாலை வெளிறிய நீலம். பாத்திரத்தில் கரி பிடிப்பதில்லை என்பது நன்மை. ஆனால் பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்குத் தெரிவதேயில்லை. இந்த அடுப்பின் பெரிய ஆபத்து இங்கேதான் தொடங்குகின்றது.

அடுப்பு அணைந்துவிட்டது என எண்ணி ஒருவர் போத்தலிலிருந்து மீண்டும் எதனோலை ஊற்றுகின்றார் என வைத்துக்கொள்ளுங்கள். 30 பாகையில், மூடிய போத்தலின் வெற்றிடத்திலுள்ள வளியில் எதனோல் ஆவி ஏறத்தாழ 10 சதவீதம் இருக்கும். எதனோல் ஆவி வளியுடன் 3 தொடக்கம் 19 சதவீதம் வரை கலந்திருக்கும்போது தீப்பற்றக்கூடியது. அதாவது எமது காலநிலையில் பாதி வெறுமையான எதனோற் போத்தல் தீக்கு ஆயத்தமான ஒரு கலவை. சுவாலை ஊற்றும் தாரை வழியே ஏறிப் போத்தலினுள் புகுந்தால், விரிவடையும் வாயு எரியும் திரவத்தை முன்னால் உள்ளவர் மீது வீசியடிக்கும். 2014 செப்ரெம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரப் பாடசாலையொன்றில் இவ்வாறே நடந்தது. செய்துகாட்டலொன்றில் சுவாலை மீது மெதனோலை ஊற்றியபோது, ஏறத்தாழ 12 அடி தூரத்தில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் மார்பில் கடும் எரிகாயமடைந்தார். அவர் எதையும் தொட்டவரல்லர், பார்த்துக்கொண்டிருந்தவர்.

எனவே எரிபொருளை ஒரேதடவையில் அளந்து ஊற்றி, போத்தலை மூடித் தூர வைத்த பின்னரே தீயிடல் வேண்டும். இடையில் நிரப்பக் கூடாது. அணைந்ததாகத் தோன்றினாலும் ரின் நன்கு ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும். இவ்வடுப்பில் திருகி அணைக்கும் வாயில் இல்லை. மேலே ஓர் உலோகப் பாத்திரத்தைக் கவிழ்த்து ஒட்சிசனைத் தடுப்பதே வழி. காட்டுத்தீ அபாயமுள்ள காலங்களில் அமெரிக்காவின் பல வனப்பகுதிகளில் இத்தகைய அடுப்புகள் தடைசெய்யப்படுவதும் இக்காரணத்தினாலேயே.

கவிழ்தல் இன்னோர் ஆபத்து. எமது நாட்டில் குப்பி விளக்குகள் சரிந்து பலர் எரிகாயமடைவதைக் கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, இரு பக்கம் தட்டையான, குட்டையான, திருகுமூடியுள்ள பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். 1998 இல் அதற்காக ரோலெக்ஸ் விருதும் பெற்றார். பாரம் குறைந்த ரின் அடுப்பின் மேல் நீர் நிறைந்த கேத்தலை நேரடியாக வைப்பது அந்தப் பாடத்தை மறப்பதாகும். பாத்திரத்துக்குத் தனியான தாங்கி வேண்டும். மூடிய அறையில் எரித்தால் குறை தகனத்தினால் காபனோரொட்சைட்டு சேரும். மெதிலேற்றிய மதுசாரத்திலுள்ள மெதனோல் உடலில் போமிக்கமிலமாக மாறிக் கண்பார்வையைக் கெடுக்கும். ஆகையால் அதைக் கையாண்ட கைகளைக் கழுவுதல் அவசியம். ஆசிரியர் அருகில் இல்லாதபோது இதனைச் செய்து பார்க்க வேண்டாம். விடையெழுத, வரிப்படம் ஒன்றே போதுமானது.

பயிற்சி வினா: இவ்வடுப்பில் எதனோலுக்குப் பதிலாக அதே அளவு மண்ணெண்ணெயை ஊற்றித் தீக்குச்சியைக் காட்டினால் அது எளிதில் தீப்பற்றுவதில்லை. மண்ணெண்ணெயின் கொதிநிலை வீச்சு ஏறத்தாழ 150 தொடக்கம் 300 பாகை செல்சியஸ் எனத் தரப்படின், காரணத்தை விளக்குக. அதே மண்ணெண்ணெய் ஒரு திரியில் உடனே எரிவது எவ்வாறு எனவும் கூறுக.